சொல் எஞ்சிற்று, மெட்டு எங்கே?
கபிரிஞ்ஞா இசையின் தடமும் நாட்டாரியல் ஆய்வின் கடமையும்

நாட்டார் பாடல் என்பது பாடப்படுவது. இவ்வெளிய உண்மையை மறுப்பார் எவருமிலர்; ஆயின் அதனை மதித்து நடந்த தொகுப்பாசிரியர் மிகச் சிலரே. ஈழத்து நாட்டார் பாடல்கள் என்ற பெயரில் அச்சேறியவற்றுட் பெரும்பாலானவை பாடல்கள் அல்ல. பாடல்களிலிருந்து உரித்தெடுக்கப்பட்ட சொற்களே. தாலாட்டு எம்மெட்டிற் பாடப்பட்டது, வலை இழுப்போரின் அம்பாப் பாடலில் இழுப்பு எவ்விடத்தில் விழுந்தது, கும்மியின் நடை எங்கே விரைந்தது என்பவற்றை அத்தொகுப்புக்களின் பக்கங்களிலிருந்து அறிதல் அரிது. சொல்லை அச்சிட்டுவிட்டால் பாடலைக் காப்பாற்றியாயிற்று என்ற எண்ணம் ஆய்வுலகில் அத்துணை ஆழமாக வேரூன்றிவிட்டது.

இதனைச் சிறு கவனப்பிசகு எனக் கருதி மன்னித்துவிடல் இயலாது. மெட்டு பதியப்படாதவிடத்து அதன் வரலாறும் எழுதப்படமாட்டாது. வரலாறு எழுதப்படாத இசையின் மீது யாரும் எப்பெயரையும் ஒட்டலாம். ‘அந்நியம்’ என ஒருவர் ஒதுக்கலாம், ‘எங்களுடையது’ என மற்றொருவர் கொண்டாடலாம், ‘கீழ்த்தரம்’ என இன்னொருவர் இகழலாம். மூவர்க்கும் மறுமொழி கூறச் சான்று இராது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் பறங்கியரின் கபிரிஞ்ஞா இசைக்கு நேர்ந்த கதி இதுவே. அக்கதியை ஆராய்வதற்கு முன், மெட்டொன்றின் தடத்தைத் தேடுதல் என்றால் என்ன என்பதை, அத்தேட்டம் ஓரளவு செவ்வையாக நடைபெற்ற நாடொன்றின் அனுபவத்தால் விளங்கிக்கொள்ளல் பொருத்தமாகும்.

ஐரிஷ் ஜிக்கின் தடம்

அயர்லாந்தின் கிராமிய நடன இசையுள் ‘ஜிக்’ எனப்படுவது ஒரு வகை. மும்மூன்று அட்சரங்களாக அமைந்த இரு கூறுகள் சேர்ந்து ஓர் ஆவர்த்தமாகும் அளவு அதன் பெருவழக்கான வடிவம். தமிழிசை மரபினர் ‘தகிட தகிட’ எனச் சொல்லிக் கைதட்டிப் பார்ப்பின் அதன் துள்ளலை உடனே உணர்வர். இம்மெட்டுக்களை இயற்றியோர் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். அவற்றை வாசித்தோர் பலர் சுரக்குறிப்பு அறியாதவர்கள். ஒரே மெட்டு ஒரு மாவட்டத்தில் ஒரு பெயராலும் அடுத்த மாவட்டத்தில் வேறொரு பெயராலும் வழங்கும்; ஒரே பெயர் இரு வேறு மெட்டுக்களுக்கு உரியதாதலும் உண்டு. எனினும் இன்று ஒரு ஜிக்கை எடுத்துக்கொண்டு, அது எந்நூலில் முதலில் அச்சேறிற்று, எவ்விசைத்தட்டில் எவரால் வாசிக்கப்பட்டது, எங்கே ஒரு சுரம் மாறிற்று என்று படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லுதல் பலவிடத்தும் கைகூடுகின்றது.

இது தானாக நேர்ந்ததன்று. 1792இல் பெல்பாஸ்ற் நகரில் நடைபெற்ற யாழிசைஞர் மாநாட்டில் முதிய கலைஞர்களின் வாசிப்பைக் குறித்துக்கொள்ளும் பணி எட்வர்ட் பண்டிங் என்ற இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரது முதற்றொகுப்பு 1796இல் வெளிவந்தது. 1855இல் ஜோர்ஜ் பெற்றியின் தொகுப்பு அச்சேறிற்று. பின்னர், கோர்க் பகுதியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிச் சிக்காகோ நகரப் பொலிஸ் தலைவராக உயர்ந்த பிரான்சிஸ் ஓனீல், அந்நகரில் வாழ்ந்த ஐரிஷ் இசைஞரிடமிருந்து மெட்டுக்களைத் திரட்டி, 1903இல் 1850 மெட்டுக்கள் அடங்கிய பெருந்தொகுதியையும், 1907இல் 1001 நடன மெட்டுக்கள் அடங்கிய தொகுதியையும் வெளியிட்டார். 1920களில் சிலைகோ மாவட்டத்து வயலின் கலைஞர் மைக்கேல் கோல்மன் நியூயோர்க்கிற் பதிவு செய்த இசைத்தட்டுக்கள் கடல் கடந்து அயர்லாந்துக்கே மீண்டு, அங்குள்ளோரின் வாசிப்பையே மாற்றின. 1963 முதல் தம் நடன இசைத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கிய பிரண்டன் பிரனக், மெட்டின் தொடக்கச் சுரங்களை எண்களாக மாற்றி அட்டவணை செய்யும் முறையொன்றைக் கையாண்டார். பெயர் எதுவாயினும் மெட்டு தன் எண்ணால் அகப்பட்டுவிடும் என்பது அம்முறையின் சிறப்பு. 1987இல் டப்ளின் நகரில் மரபிசைக்கெனத் தனி ஆவணக்காப்பகமே நிறுவப்பட்டது.

இவ்வரலாற்றிற் குறையே இல்லை என்பதன்று. பண்டிங் தம் முதல் நூலிற் சொல்லை விட்டு மெட்டை மட்டும் தந்தார். அதனையும் பியானோ வாத்தியத்துக்கேற்பத் திருத்தித் தந்தார். பாடல்களின் சொல்லைத் திரட்டுவதற்குப் பின்னர் வேறொருவரைக் கிராமங்களுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. ஈழத்திற் சொல்லை எடுத்து மெட்டை விட்டனர். அயர்லாந்தில் மெட்டை எடுத்துச் சொல்லை விட்டனர். பிழை இரண்டும் ஓரினத்தனவே. ஆயின் அயர்லாந்தினர் தம் பிழையை உணர்ந்து ஒரு தலைமுறை விட்டதை அடுத்த தலைமுறை தேடிச் சேர்த்தது. ஈழத்துத் தமிழாய்வுலகத்தில் அத்தேட்டம் இன்னமும் ஓர் இயக்கமாகவில்லை என்பதே கண்டனத்துக்குரியது.

துறைமுகத்தின் மக்கள்

திருகோணமலையைப் போர்த்துக்கேயர் 1620களில் தம் பிடிக்குட் கொண்டுவந்தனர். கோணேசர் ஆலயம் 1622இல் இடிக்கப்பட்டதும், அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டதும் ஈழத்தவர் நன்கறிந்த வரலாறு. 1639இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணமும் வீழவே, போர்த்துக்கேயர் ஆட்சி இலங்கையில் முடிவுற்றது. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். அவர்தம் கடற்படைத்தளம் 1957 வரை திருகோணமலையில் நிலைத்தது. ஆட்சி மூன்று கை மாறியும், போர்த்துக்கேய மொழியின் அடியாகப் பிறந்த கிரியோல் மொழியும் அதனைப் பேசிய மக்களும் அழிந்துபோகவில்லை. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், சிறப்பாகப் பாலையூற்றுப் பகுதியிலும், கத்தோலிக்கரான பறங்கியர் குடும்பங்கள் அம்மொழியை வீட்டுமொழியாகப் பேணி வந்தன. கொழும்பிலே அரச உத்தியோகமும் சட்டத்தொழிலும் பார்த்த ஒல்லாந்தப் பறங்கியரினின்றும் இவர்கள் வேறானவர். தச்சு, கொல்லு, சப்பாத்துத் தைத்தல் முதலிய கைத்தொழில்களே கிழக்கிலங்கைப் போர்த்துக்கேயப் பறங்கியரின் வாழ்வுக்கு ஆதாரமாயிருந்தன என்பதை, மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டிற்று.

இம்மக்களின் திருமணத்திலும் கொண்டாட்டத்திலும் ஆடப்பட்டது கபிரிஞ்ஞா. ‘காபிரி’ எனத் தமிழில் வழங்கும் சொல்லுக்கு மூலமான போர்த்துக்கேயச் சொல்லொடு சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்தமைந்தது இப்பெயர். ஆபிரிக்காவிலிருந்து போர்வீரராகவும் அடிமைகளாகவும் கொணரப்பட்ட மக்களின் நினைவு அப்பெயரிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிறம்பியடியில் இன்றும் ‘மாஞ்சா’ என்னும் தம் பாடல்களைப் பாடிவருகின்றனர். வயலினும் கிற்றாரும் தோற்கருவியும் துணையாக, ஆணும் பெண்ணும் இணையிணையாக ஆடுவது கபிரிஞ்ஞா. அதன் தாளம் மும்மூன்றாகப் பகுக்கப்படும் ஆறு. சிற்சில இடங்களில் அவ்வாறையே இரண்டிரண்டாகப் பகுத்து எதிர்நடை போடுவதிலேயே அதன் கவர்ச்சி தங்கியுள்ளது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. ஜிக்கும் ஆறு, கபிரிஞ்ஞாவும் ஆறு. திருகோணமலையிலோ நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கிலக் கடற்படையும் படையணிகளும் இருந்தன. ஆதலின் ஐரிஷ் சிப்பாயே இத்தாளத்தை இறக்கினான் என எழுதிவிடுதல் எளிது. தமிழ்க் கும்மியும் திச்ர நடையினது. ஆதலின் பறங்கியர் தமிழரிடமிருந்தே அதனைக் கற்றனர் என மறுதலையாக எழுதிவிடுதலும் அத்துணை எளிதே. இரண்டும் ஆய்வல்ல, ஊகத்துக்கு உடுத்தப்பட்ட ஆய்வுக் கோலம். மூன்று மூன்றாக எண்ணுதல் எந்த இனத்தின் தனியுடைமையும் அன்று. தாள ஒற்றுமை வாயிலைத் தட்டலாம். உள்ளே புகுவதற்கு மெட்டின் சுரவோட்டமும், அது வழங்கிய இடமும் காலமும் பற்றிய பதிவுகளும் வேண்டும். அப்பதிவுகள் எத்தகையன என்பதே அடுத்த வினா.

ஏடுகள் தருவனவும் தராதனவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மொழி அச்சேறாமல் இல்லை. வெஸ்லியன் மிசனரிமார் 1820களில் புதிய ஏற்பாட்டையே இலங்கைப் போர்த்துக்கேயத்திற் பெயர்த்து அச்சிட்டனர். வேதம் அச்சேறிற்று, ஆட்டப்பாட்டு அச்சேறவில்லை. எதனைப் பாதுகாத்தல் தகும் என்பதை அச்சுக்கூடத்தை ஆண்டோரே தீர்மானித்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாடல்களைத் திரட்டியவருள் முதன்மையானவர் இலங்கைச் சிவில் சேவை அதிகாரியான ஹியூ நெவில். 1869இற் சேவையிற் புகுந்த அவர் சேர்த்த ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஏட்டுச்சுவடிகள் பின்னர் இலண்டன் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தன. சிங்கள, தமிழ்ச் சுவடிகளுக்காகவே அவர் பெயர் பெரிதும் அறியப்படினும், அவரது சேகரிப்பில் இலங்கைப் போர்த்துக்கேயப் பாடல்களின் கையெழுத்துப் பிரதியொன்றும் உண்டு. அதன் பகுதித் தலைப்புக்களில் மட்டக்களப்பின் பெயரும் கபிரிஞ்ஞாவின் பெயரும் தெளிவாகக் காணப்படுகின்றன. ஆயின் அங்குள்ளவை சொற்கள். 1900இல் லிஸ்பன் நகரில் வெளிவந்த, இலங்கைப் போர்த்துக்கேயம் பற்றிய செபஸ்தியான் ரொடோல்போ தல்காதோவின் நூலும் பாடல்களைத் தந்தது, அவையும் சொற்களே. 1894இல் அரச ஆசியக் கழக இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் இலங்கை இசை பற்றி எழுதிய சி. எம். பெர்ணான்டோ, போர்த்துக்கேயர் வழிவந்த இசையைத் தனிவகையாகக் கொண்டு, மெல்லச் செல்லும் ‘சிக்கோத்தி’யையும் விரைந்து துள்ளும் கபிரிஞ்ஞாவையும் வேறுபடுத்திக் காட்டினார். மொழியறிஞர் சொல்லை நோக்கினர். இசையை நோக்கியவரோ வேறொருவர். ஒரே பாடலின் இரு பாதிகளும் இரு வேறு அலுமாரிகளிற் கிடந்தன.

எனினும் இக்குறைப் பதிவுகளே எத்துணை பெரிய உண்மையை வெளிக்கொணர வல்லன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். நெவிலின் கையெழுத்துப் பிரதியில் ‘சிஞ்ஞெலே நோனா’ என்னும் பாடல் வகை உள்ளது. மலாக்காவில் வாழும் போர்த்துக்கேயக் கிரியோல் மக்கள் தம் அடையாளமாகவே கொண்டாடும் பாடல் ‘ஜிங்க்லி நோனா’. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் இவ்விரண்டும் ஒரே பாடல் மரபின் கிளைகள் என்பதை நிறுவி, இந்தியாவின் மேற்குக்கரைக் கிரியோல் மக்களிடமும் இதனையொத்த கவிதை வகைகள் வழங்குவதைக் காட்டினார். நெவில் பிரதியை ஆராய்ந்த அவரது நூல் 1990இல் வெளிவந்தது. தமிழரும் சிங்களவரும் அன்றாடம் வழங்கும் ‘நோனா’ என்ற சொல்லொன்று, மலாக்காவிலிருந்து மட்டக்களப்பு வரை நீண்ட கடல்வழியின் சாட்சியாக நிற்கின்றது. மலாக்காவைப் போர்த்துக்கேயர் 1511இற் கைப்பற்றி 1641இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். திருகோணமலையை இழந்தது 1639இல். இரு துறைமுகங்களுக்குமிடையே போர்த்துக்கேயக் கொடி இறங்கி ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. பாடல் இன்னும் இறங்கவில்லை.

இத்துணையும் சொல்லினால் அறியப்பட்டது. மெட்டினால் அறியப்படவேண்டியது எத்துணையோ! மலாக்காவின் மெட்டும் கிழக்கிலங்கையின் மெட்டும் ஒன்றா, ஒன்றாயின் எங்கே பிரிந்தன, பிரிந்தபின் தமிழ்ச் செவி எதனைச் சேர்த்தது என்னும் வினாக்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுரக்குறிப்பு ஊர் ஊராக இருந்திருப்பின் விடை காணல் எளிது. அஃது இன்மையால், பிற்காலத்து ஒலிப்பதிவுகளே கதியாயின. 1998இல் லிஸ்பன் உலகக் கண்காட்சியை ஒட்டி வெளியிடப்பட்ட, போர்த்துக்கேயரின் கடல்வழிகள் பற்றிய இசைத்தட்டு வரிசையில் இலங்கையின் பைலாவும் கபிரிஞ்ஞாவும் தனித்தட்டாக இடம்பெற்றன. லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹூகோ கார்தோசோவின் தலைமையில் 2015ஐ அடுத்த ஆண்டுகளில் நடைபெற்ற ஆவணப்படுத்தற் பணி, மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்து, அழிந்துவரும் மொழிகளுக்கான ஆவணக்காப்பகத்திற் சேர்த்துள்ளது.

இவற்றைச் செய்தோர் பாராட்டுக்குரியர். ஆயின் இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை நோக்குக. நெவில் ஆங்கிலேயர், தல்காதோ கோவாவைச் சேர்ந்தவர், பெர்ணான்டோ இலங்கையராயினும் கொழும்புச் சட்டத்தரணி, ஜாக்சன் அமெரிக்கர், கார்தோசோ போர்த்துக்கேயர். பறங்கியரின் அயலில் வாழ்ந்து, அவர்தம் திருமண வீடுகளில் விருந்துண்டு, அவர்தம் வயலினைக் காதாற் கேட்ட தமிழறிஞர் பெயர் இவ்வரிசையில் இல்லை. அயலவனின் பாட்டைக் கேட்பதற்கு அயல்நாட்டார் கப்பலேறி வரவேண்டியதாயிற்று.

இசைத்தட்டு வந்தபின்

பறங்கியரின் வீட்டு முற்றத்து இசை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பொதுமேடைக்கு வந்தது. பொலிஸ் சேவையில் இருந்த வொலி பஸ்தியன், கபிரிஞ்ஞாவின் தாளத்திற் சிங்களச் சொற்களை ஏற்றிப் பாடி, இன்று பைலா என வழங்கும் வடிவத்துக்குத் தந்தை எனப் போற்றப்படுகின்றார். சிக்காகோவின் பொலிஸ் தலைவர் மெட்டுக்களை ஏட்டில் ஏற்றினார். இலங்கையின் பொலிஸ்காரர் அவற்றை வானொலியிலும் இசைத்தட்டிலும் ஏற்றினார். வேறுபாடு யாதெனின், முன்னவர் நூலில் ஒரு மெட்டைத் தேடிப்பார்த்தல் இயலும். பின்னவர் தட்டில் மெட்டு இருக்கும், அது எவ்வூர் முற்றத்திலிருந்து வந்தது என்பது இராது.

தமிழ்த் துள்ளிசையின் தோற்றமும் இதனோடு பிணைந்தது. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் புகழ்பெற்றனர். திருகோணமலையைச் சேர்ந்த பரமேஷ், கோணேஷ் சகோதரர் தமிழில் மெல்லிசைத்தட்டு வெளியிட்டனர். மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ ஈழத்தெல்லையைக் கடந்தது. 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையமைப்பிற் புதுவடிவம் பெற்றுத் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. தமிழகத்தில் அதனைக் கேட்டவர் திரைப்பாட்டு என்றனர். தென்னிலங்கையிற் கேட்டவர் சிங்களப் பைலா என்றனர். யாழ்ப்பாணத்திற் கேட்டவர் மனோகரன் பாட்டு என்றனர். அப்பாட்டின் துள்ளலுக்கு அடியில் ஓடும் தாளத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிய பறங்கியரின் பெயர் எவர் வாயிலும் வரவில்லை. இசைத்தட்டின் உறையில் அச்சிடப்படும் பெயரே மெட்டின் பிறப்புச் சாட்சிப்பத்திரம் என நம்புவோர், உறையிற் பெயர் பெறாத மக்களை வரலாற்றினின்றும் நீக்கிவிடுகின்றனர்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

‘கபிரிஞ்ஞா அந்நிய இசை, தமிழ்ச் சங்கத்தார்க்கு அதனோடு என்ன?’ என வினவுவார் உளர். இவர்கள் முதலில் அம்மக்களின் மொழியை நோக்கல் வேண்டும். மட்டக்களப்புக் கிரியோலை 1970களில் ஆராய்ந்த மொழியியலாளர் இயன் சிமித், அதன் சொற்கள் போர்த்துக்கேயமாயினும், வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் நிற்றல், வேற்றுமைப்பொருள் பெயரின் பின்னே உருபாக ஒட்டுதல் முதலிய இலக்கண அமைதிகளில் அது தமிழோடு ஒன்றிவிட்டதைக் காட்டினார். போர்த்துக்கேயச் சொல்லெடுத்துத் தமிழ் முறையில் வாக்கியம் அமைக்கும் மக்கள், போர்த்துக்கேய மெட்டெடுத்து எம்முறையில் வாசித்தனர் என்பது தமிழாய்வுக்கு அந்நியமான வினாவா? மேலும், வயலினை அந்நியம் என எவரும் ஒதுக்கவில்லை. கருநாடக இசை மேடையில் அது பக்கவாத்தியமாக அமர்ந்து இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆர்மோனியம் இன்றேல் ஈழத்து இசைநாடக மரபே இல்லை. கருவி வந்தால் கலை. கருவியோடு மக்களும் வந்தால் அந்நியமா?

‘அது குடியும் கூத்துமான கேளிக்கை, ஆய்வுக்கு ஏற்றதன்று’ என்பது மற்றொரு கூற்று. இக்கூற்று புதியதன்று. நாட்டுக்கூத்தும் ஒரு காலத்தில் இவ்வாறே இகழப்பட்டது. 1960களிற் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதனை மேடையேற்றிய பின்னரே கற்றோர் அதனைக் கலை எனக் கண்டனர். கூத்தின் ஆட்டத்திலோ தாளக்கட்டிலோ உயர்வு அன்று புதிதாக வந்து புகவில்லை. மாறியது பார்த்தவரின் கண். கபிரிஞ்ஞாவுக்கு அக்கண் இன்னும் திறக்கவில்லை என்பதே உண்மை.

மூன்றாவது கூற்று சற்று நுட்பமானது. ‘நாட்டார் இசையைச் சுரத்தில் அடைத்தல் அதனைக் கொல்லுவதாகும்; அது வாய்வழி வாழவேண்டும்’ என்பது அது. சுரக்குறிப்பு முழுமையானதன்று என்பது மெய். பண்டிங் அடைத்த மெட்டுக்கள் பியானோவின் சிறையில் வாடியதும் மெய். ஆயின் இக்கூற்றை மொழிவோர் சொல்லை அச்சிடும்போது இக்கவலையை அடையவில்லை என்பது கவனிக்கற்பாலது. பேச்சொலியின் நெளிவுகளையெல்லாம் எழுத்து விழுங்கிவிடினும் சொல்லைப் பதிதல் தகும். சுரத்தைப் பதிதல் மட்டும் தகாதாம். வாய்வழி வாழவேண்டுமெனின் வாய்கள் வேண்டும். புலப்பெயர்வினால் அவுஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பறங்கியர் பலர் சென்றுவிட்டனர். நீண்ட போர் எஞ்சியோரையும் அலைக்கழித்தது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் மட்டக்களப்பு டச்பார்க் குடியிருப்பைச் சிதைத்து உயிர்களைக் கொண்டுசென்றது. இளந்தலைமுறையினர் தமிழையே முதன்மொழியாகக் கொண்டுவருகின்றனர். இந்நிலையில், ‘வாய்வழி வாழட்டும்’ என்பது வாழ்த்துப்போல் ஒலிக்கும் கைவிரிப்பேயாகும்.

யாழ் நூலின் மண்ணில்

இவ்விடத்திற் கிழக்கிலங்கையின் மாபெரும் அறிஞர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். மட்டக்களப்பிற் பிறந்து, திருகோணமலை இந்துக் கல்லூரியிலும் பணிபுரிந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழின் இயல்பைச் சிலப்பதிகாரத்தின் வழியும் கணிதத்தின் வழியும் மீட்டெடுக்க நீண்டகாலம் உழைத்தார். 1947இல் வெளிவந்த அவரது யாழ் நூல், இசையைச் சொல்லாராய்ச்சியால் மட்டும் அறியமுடியாது, சுரத்தையே எண்ணிக் காணவேண்டும் என்பதைத் தமிழுலகுக்கு உணர்த்திற்று. பல நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த கருவியின் நரம்பைக் கணக்கிட்டுக் கண்டார் அடிகள். அவர் வழிவந்தோர் எனப் பெருமை கொள்ளும் தலைமுறையோ, அடுத்த தெருவில் இன்றும் ஒலிக்கும் வயலினின் நரம்பைக் காதாற் கேட்டும் குறித்துக்கொள்ளவில்லை. அடிகளுக்கு நூற்றாண்டு விழா எடுப்பது எளிது. அவரது முறையைக் கைக்கொள்வது கடினம்.

இக்குறை கபிரிஞ்ஞாவோடு நின்றுவிடவில்லை. மு. இராமலிங்கம், எவ். எக்ஸ். சி. நடராசா, இ. பாலசுந்தரம் முதலியோர் திரட்டியிராவிடின் ஈழத்து நாட்டார் பாடல்களிற் பல சொல்லளவிலும் எஞ்சியிரா. அவர்களது உழைப்பைக் குறைகூறல் நன்றிமறத்தலாகும். ஒலிப்பதிவுக் கருவி அரிதாயிருந்த காலத்தில் தாளும் எழுதுகோலுமே அவர்தம் கருவிகள். ஆயின் பதிவுக்கருவி ஒவ்வொரு மாணவனின் சட்டைப்பையிலும் இருக்கும் இக்காலத்தும், பழைய தொகுப்பின் சொற்களையே மீண்டும் எடுத்து, ‘உவமைநலம்’, ‘சமூகச்சித்திரம்’ எனத் தலைப்பிட்டுப் பட்ட ஆய்வேடு சமர்ப்பிப்போர்க்கு அச்சமாதானம் பொருந்தாது. மெட்டறியாமல் தாலாட்டை ஆராய்தல், ஆட்டம் காணாமற் கூத்தை ஆராய்தலை ஒக்கும்.

செய்யவேண்டியவை அரியனவல்ல. பாடலொன்றைப் பதியும்போது பாடியவர், அவர் யாரிடம் கற்றார், எவ்வூர், எந்நாள் என்பவற்றை உடன் குறித்தல் வேண்டும். பாடியவரின் இசைவும் பெறப்படல் வேண்டும். சொல்லும் சுரமும் தாளமும் ஒரே பக்கத்தில் அச்சேறல் வேண்டும். மெட்டின் தொடக்கச் சுரங்களைக் கொண்டு அகரவரிசைபோல் அட்டவணை அமைத்தல் வேண்டும். அப்போதுதான் பாலையூற்றின் மெட்டொன்று மட்டக்களப்பிலோ, சிறம்பியடியிலோ, மலாக்காவிலோ வேறு பெயரில் ஒலிப்பின் அதனை இனங்காணல் கூடும். அயல்நாட்டுக் காப்பகங்களிற் சேர்ந்துள்ள பதிவுகளின் பிரதிகளைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஏனைய பல்கலைக்கழகங்களும் கேட்டுப் பெறல் வேண்டும். தமிழ்த்துறையும் இசைத்துறையும் ஒன்றையொன்று அறியாதனபோல் நடந்துகொள்ளும் வழக்கம் ஒழிதல் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, பறங்கியர் ஆய்வுப்பொருளாக மட்டுமன்றித் தம் இசையை விளக்கும் அறிஞராகவும் மதிக்கப்படல் வேண்டும்.

ஒரு மெட்டின் தடத்தைப் பின்பற்றிச் செல்வோர் அதன் ‘தூய’ மூலத்தைக் காண்பதில்லை; ஆபிரிக்கப் பெயரும் போர்த்துக்கேயச் சொல்லும் தமிழ் வாக்கியமும் சிங்கள மேடையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கக் காண்பர். இனத்தூய்மையும் மொழித்தூய்மையும் பேசியே இரத்தம் சிந்திய நாட்டில் இக்காட்சிக்கு இசையியலுக்கு அப்பாலும் ஒரு பயன் உண்டு. திருகோணமலைத் துறைமுகம் நானூறு ஆண்டுகளாகப் பீரங்கிகளின் வரலாற்றால் அறியப்பட்டு வந்துள்ளது. எந்தக் கொடி எப்போது ஏறிற்று என்பதைப் பாடநூல்கள் ஆண்டு பிசகாமற் கூறுகின்றன. அக்கொடிகளின் கீழே மக்கள் எதனைப் பாடினர் என்பதை வருங்காலத்தார் அறிவரா, அறியாரா என்பது, முதிய வயலின் கலைஞர்களின் கைகள் ஓய்வதற்கு முன் இன்றைய மாணவர் செய்வதையும் செய்யாமல் விடுவதையுமே பொறுத்தது.